விவாதத்திற்குரிய தானியம்

வரகு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பெரம்பலூரில் யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் தானியச் சொல்மூல உயராய்வு மையம் தொடங்கப்பட்டது. புதுப் பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை, ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. முகூர்த்த நாட்களில் கீழே கெட்டிமேளம் கொட்டும். மேலே நாங்கள் ஒரு சொல்லின் பிறப்பைத் தேடிக்கொண்டிருப்போம். நான் அங்கே தட்டச்சர், பெயர் செந்தில்குமார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் கையெழுத்துப் போட்டால்தான் என் வேலை நீடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் என் மேல் கோபம் வரும்போது உங்களுக்கு உதவும்.

இயக்குநர் முனைவர் அறிவுச்செல்வன். ஐந்து வருடங்களில் பதினோராயிரம் அட்டைகள் எழுத வைத்தவர். ஒரு அட்டைக்கு ஒரு சொல், அதன் பொருள், அதற்குச் சான்று. அட்டைகள் இரும்பு அலமாரியில் இருந்தன, சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது. "அட்டையில் இல்லாதது உலகத்தில் இல்லை" என்று அடிக்கடி சொல்வார். முதல் வருடம் நாங்கள் அதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தோம்.

வரகின் பிறப்பைப் பற்றி மையத்தில் இரண்டு கட்சிகள். திருச்சிப் பேராசிரியர் 'வரை' என்றால் மலை, மலையடிவாரத்தில் விளைவதால் வரகு என்றார். தஞ்சாவூர்ப் பேராசிரியர் அது 'வறள்' என்பதிலிருந்து வந்தது என்றார். வல்லின றகரம் எப்படி இடையின ரகரம் ஆனது என்று கேட்டால், பஞ்ச காலத்தில் மக்களுக்கு வல்லினம் உச்சரிக்கத் தெம்பு இருக்கவில்லை என்று விளக்குவார். இதற்காக இருவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் வரகைப் பொட்டலத்தில்தான் பார்த்திருந்தார்கள்.

ஒருநாள் இயக்குநருக்கு ஒரு யோசனை உதித்தது. வயலில் நிற்கும் பயிரை இரு பேராசிரியர்களும் தானும் அடங்கிய குழு நேரில் பார்த்து, அதன் பிறகே பிறப்பை அறிவிப்பது. இதற்கு 'நிலைச்சான்று' என்று பெயர் வைத்து, அதற்கும் ஒரு அட்டை போட்டார்.

வயல் கிடைப்பதுதான் பாடாக இருந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க மக்காச்சோளமும் பருத்தியும். கடைசியில் ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கிழக்கே ஒன்றரை ஏக்கரில் வரகு போட்டிருந்த கொளஞ்சியப்பன் அகப்பட்டார். கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், கதிர் முற்றி நின்ற அவருடைய வயலில் எங்கள் வேன் போய் நின்றது. நான்தான் பலகையை ஊன்றினேன். 'சொல்மூலப் பாதுகாப்பு வயல். குழு பார்வையிடும் வரை அறுவடை தடை.' கீழே வட்ட முத்திரை.

கொளஞ்சியப்பன் நாற்பத்தைந்து வயது மனிதர், மெலிந்த உடம்பு. பலகையை இரண்டு முறை படித்தார்.

"சார், நாளன்னிக்கு அறுப்புக்கு ஆள் சொல்லியிருக்கேனுங்க."

"சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அறுக்காதீர்கள்" என்றார் இயக்குநர். "சான்றை அழிப்பது சின்ன விஷயமல்ல. உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரே பொண்ணுங்க. பூங்குழலி. பெரம்பலூர்ல ஆஸ்டல்ல தங்கி பத்தாவது படிக்குது."

எந்த விடுதி என்று இயக்குநர் விசாரித்தார். கேட்டதும் முகம் மலர்ந்தது. "அந்த விடுதியின் ஆலோசனைக் குழுவுக்கு நான்தான் தலைவர். உங்கள் பெண் என் பெண் மாதிரி."

அதற்குப் பிறகு கொளஞ்சியப்பன் அறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு வாரம் பொறுத்துவிட்டு அலுவலகத்துக்கு வந்தார். கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது, மேகம் வேறு திரண்டு நிற்கிறது, எப்போது வருவீர்கள் என்று கேட்டார். விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னேன். 'பயிரின் பெயர்' என்ற இடத்தில் 'வரகு' என்று எழுதினார். இயக்குநர் அதைச் சிவப்பு மையால் அடித்தார்.

"இந்தச் சொல்லின் பிறப்பு இன்னும் தீர்மானமாகவில்லை. தீர்மானமாகாத சொல்லை அலுவலகப் பத்திரத்தில் நீங்கள் எப்படிப் பயன்படுத்தலாம்?"

"அப்ப வேற என்னன்னு எழுதறதுங்க?"

"விவாதத்திற்குரிய தானியம் என்று எழுதுங்கள்."

எழுதினார். நான் அதைச் சுருக்கி வி.தா. என்று பதிவேட்டில் ஏற்றினேன். அன்று முதல் அவருடைய வரகு எங்களுக்கு வி.தா. ஆனது.

குழு வருவதற்கு மேலும் எட்டு நாள் ஆனது. வயலைக் கிழக்கிலிருந்து பார்ப்பதா மேற்கிலிருந்து பார்ப்பதா என்று பேராசிரியர்களுக்குள் தகராறு. கிழக்கிலிருந்து பார்த்தால் பின்னணியில் கோட்டைக் குன்று தெரியும், அது திருச்சிக் கட்சிக்குச் சாதகம். மேற்கிலிருந்து பார்த்தால் வெடித்துக் கிடக்கும் மேட்டுநிலம் தெரியும். கடைசியில் இரண்டு வேன்கள் எடுத்து இரண்டு திசையிலிருந்தும் வந்தார்கள். குடை பிடித்து வரப்பில் நின்றார்கள். திருச்சிப் பேராசிரியர் கொளஞ்சியப்பனிடம் கேட்டார்.

"இதை ஏன் வரகு என்கிறீர்கள்?"

"எங்கப்பா அப்படித்தான் சொல்லுவாருங்க."

"அவர் ஏன் அப்படிச் சொன்னார்?"

"அவரு செத்துப் பன்னண்டு வருசம் ஆவுதுங்க."

"தகவலாளி மூலத்தை மறைக்கிறார்" என்று தஞ்சாவூர்ப் பேராசிரியர் என்னிடம் குறிக்கச் சொன்னார். குறித்தேன். பார்வை ஒரு முறைக்குப் போதாது, மறுநாளும் வரவேண்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் மழை பிடித்தது. நான்கு நாள் விடவில்லை. எங்கள் வேன் மண்டபத்து வாசலிலேயே நின்றது. பலகை மட்டும் வயலில் இருந்தது.

மழை ஓய்ந்ததும் இயக்குநர் அறுவடைக்கு அனுமதி அளித்தார். கதிர்கள் கறுத்திருந்தன, மணியில் பூசண வாடை. அறுத்து, காய வைத்து, அடித்ததில் ஆறு மூட்டை தேறியது. ஆறு மூட்டையையும் வேனில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுவந்தோம். சான்றுப் பொருள். வி.தா. ஒன்று முதல் ஆறு வரை என்று சாக்கில் எழுதியது நான்தான்.

பேராசிரியர்கள் ஒருவழியாகச் சமாதானமானார்கள். வரகு என்பது மலையிலும் வறட்சியிலும் சம அளவில் பிறந்தது என்று அறிவிக்க முடிவாயிற்று. அந்த நாளுக்கு இயக்குநர் 'சொல்லைச் சுவைக்கும் நாள்' என்று பெயரிட்டார். விடுதி மாணவியர் நாற்பத்தாறு பேருக்கும் அந்த வயலின் வரகிலேயே பொங்கல். மூட்டைகளில் இரண்டு அரவைக்குப் போய், அரிசியாக விடுதிச் சமையல்கட்டில் போய் இறங்கின.

அங்கே சமையல் பார்த்த பாப்பாத்தியம்மாள் ஒருகாலத்தில் வரகு விளைந்த களரம்பட்டிப் பக்கத்துக்காரர். ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நேராகக் கொளஞ்சியப்பனுக்குப் போன் போட்டிருக்கிறார்.

அன்று காலை பத்தரைக்குக் கொளஞ்சியப்பன் மாடிப்படி ஏறி வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. குழு கூடியிருந்தது.

"சார், அத ஆக்கிப் போட்டுறாதீங்க. அது மழையில நனஞ்ச வரகு. கிறுக்கு வரகும்போம் எங்கூருல. தின்னா தலை சுத்தும், கையி காலு நடுங்கும், வாந்தி வரும், எந்திரிக்க முடியாது. மாடு தின்னாக்கூட படுத்துரும் சார்."

"கிறுக்கு வரகா?" இயக்குநர் என்னைப் பார்த்தார். அவரிடம் சாவி வாங்கி, அலமாரியைத் திறந்து 'கி' வரிசையை இரண்டு முறை பார்த்தேன்.

"இல்லைங்க சார்."

"இல்லை" என்று இயக்குநர் கொளஞ்சியப்பனிடம் கனிவாகச் சொன்னார். "பதினோராயிரம் அட்டைகளில் இல்லை. இல்லாத ஒன்று நாற்பத்தாறு மாணவிகளை என்ன செய்துவிட முடியும்?"

"சார், என் பொண்ணு இருக்கு சார் அங்க."

"அதனால்தான் உங்கள் சொல் செல்லாது. நீங்கள் சார்புடைய தகவலாளி. ஒரு சொல்லை ஏற்க இரண்டு எழுத்துச் சான்று வேண்டும், இல்லையென்றால் ஒரு நிகழ்த்துச் சான்று வேண்டும்."

"அப்படின்னா?"

"செய்து காட்டுவது."

கொளஞ்சியப்பனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் போனை எடுத்து மனைவி கலையரசி அக்காவைக் கூப்பிட்டார். விதைக்காக வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த நான்கு படியும் அதே வயலில் நனைந்ததுதான். அதில் ஒரு படியைக் குத்திப் புடைத்து, சோறாக்கி, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கலையரசி அக்கா பஸ் பிடித்து வரும்போது மணி ஒன்று. வந்தவர் வாளியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, வேண்டாங்க. பேசிப் பாருங்க."

"பேசிட்டேன். குடு."

எங்கள் எல்லார் முன்னாலும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள ஒன்றுமில்லை. வாளியை வழித்துத் தின்று, தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப பாருங்க சார்" என்றார். பரீட்சை எழுதி முடித்த பையனுக்குரிய நிம்மதி அவர் முகத்தில் இருந்தது. குழு பத்து நிமிடம் பார்த்தது. ஒன்றும் நடக்கவில்லை. கீழே மண்டபத்தில் வளைகாப்பு, சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். குழு இறங்கிப் போனது. பதிவேடு இருக்கிறதே என்று நான் மட்டும் அங்கேயே இருந்தேன்.

முக்கால் மணி நேரத்தில் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. சுவரைப் பிடித்து எழப் பார்த்து, முடியாமல் சரிந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். கலையரசி அக்கா முந்தானையால் துடைத்துக்கொண்டே, "வந்து பாக்கச் சொல்லுங்க சார், சீக்கிரம் பாக்கச் சொல்லுங்க" என்று என்னைக் கெஞ்சினார். நான் கீழே போய்ச் சொன்னேன். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பாயசம் முடித்து, பீடா போட்டுக்கொண்டு வந்தார்கள்.

திருச்சிப் பேராசிரியர் வாசலிலேயே நின்று மூக்கைப் பொத்தினார்.

"குடித்திருக்கிறான்."

"ஐயோ, இல்லைங்க!" கலையரசி அக்கா பதறினார். "அவரு அந்தப் பக்கமே போவமாட்டாருங்க. இந்தத் தம்பி இங்கனதான உக்காந்திருந்துச்சு, கேளுங்க. தம்பி, நீங்க சொல்லுங்க தம்பி!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநரும் பார்த்தார். அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதியோடு என் மூன்று மாதம் முடியவிருந்தது.

"நான் டைப் அடிக்கறது மட்டும்தாங்க" என்றேன்.

இயக்குநர் சொல்லச் சொல்ல அடித்தேன். 'தகவலாளி குடிபோதையில் நிலைதடுமாறிய நிலையில் காணப்பட்டதால், அன்னாரின் நிகழ்த்துச் சான்று நிராகரிக்கப்படுகிறது. கிறுக்கு வரகு என்ற சொல் ஏற்கப்படவில்லை.' ஒரு எழுத்துப் பிழை இல்லை. கொளஞ்சியப்பனை ஆட்டோவில் ஏற்றும்போது கண் சொருகிக் கிடந்தது. உதடு மட்டும் அசைந்தது. "ஆக்காதீங்க, ஆக்காதீங்க" என்று சொன்னதாகத்தான் எனக்குத் தோன்றியது.

இரண்டு நாள் கழித்து விழா. விடுதி முற்றத்தில் பந்தல். கொளஞ்சியப்பன் இன்னும் நேராக நடக்க முடியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். குடித்துவிட்டு வரும் தகவலாளி என்று காவலாளிக்குச் சொல்லி வைத்திருந்ததால் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டார். பாப்பாத்தியம்மாள் சமைக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். மறுத்ததற்கு விளக்கம் கேட்டு அவருக்கு ஒரு கடிதம் போனது. அதையும் அடித்தது நான்தான். பொங்கல் அடுப்பில் ஏறியது. கேட்டுக் கம்பி வழியாகக் கொளஞ்சியப்பன் அவரிடம் சொன்னது ஒன்றுதான்.

"எம் புள்ளகிட்ட சொல்லிரு அக்கா. யாருமே வாயில வெக்கக் கூடாதுன்னு சொல்லச் சொல்லு."

பாப்பாத்தியம்மாள் சொல்லியிருக்கிறார். பூங்குழலி தன் அறைப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறாள். பிள்ளைகள் இலையில் விழுந்த பொங்கலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இயக்குநர் பேசினார். "அன்புச் செல்வங்களே! நீங்கள் இன்று உண்ணப்போவது உணவு அல்ல. ஒரு சொல். மூவாயிரம் ஆண்டுகளாக நம் உழவன் இதைப் பொருள் தெரியாமலே விதைத்தான், பொருள் தெரியாமலே தின்றான். பொருள் தெரியாமல் தின்றதால்தான் அவன் மெலிந்திருக்கிறான். நாங்கள் பொருளைக் கண்டுபிடித்துவிட்டோம். இனி நீங்கள் பயமின்றி உண்ணலாம்!"

யாரும் உண்ணவில்லை. இயக்குநர் சிரித்துக்கொண்டே, "இந்த வயலின் மகள் இங்கேதான் இருக்கிறாள். அவளே தொடங்கி வைக்கட்டும்" என்று பூங்குழலியை மேடைக்கு அழைத்தார். ஒல்லியான பெண், இரட்டைப் பின்னல். மேடை ஏறி நின்று, "சார், எங்கப்பா வேண்டாம்னாரு" என்றாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"உங்கள் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை அம்மா" என்று இயக்குநர் மிக மென்மையாகச் சொன்னார். போட்டோகிராபர் இங்கே பாருங்கள் என்றார். அவள் திரும்பியபோது கரண்டி வாயில் இருந்தது. ஒன்று போதவில்லை, வெளிச்சம் சரியில்லை என்று போட்டோகிராபர் சொன்னதால் இயக்குநர் நான்கு முறை ஊட்டினார். கேட்டுக்கு வெளியே யாரோ கத்துவது கேட்டது. அதன் பிறகு மற்ற பிள்ளைகளும் தயங்கித் தயங்கி ஓரிரு வாய் சாப்பிட்டார்கள். ஆய்வாளர் சான்றுப் பொருளை உண்பது நெறிக்கு மாறானது என்பதால் எங்களுக்கு இட்லியும் கேசரியும் ஓட்டலிலிருந்து வந்தன.

சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு பிள்ளைகள் ஆஸ்பத்திரியில். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். நடுக்கம், வாந்தி, தலை தூக்க முடியாத கிறக்கம். இரண்டு மூன்று நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதிகம் தின்றது பூங்குழலி என்பதால் அவளுக்கு மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் என்னை அழைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். பயந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கையில் அட்டைப் பெட்டி இருந்தது.

"முப்பத்தொரு தகவலாளிகள், செந்தில். ஒருவர் கூடக் குடிக்கவில்லை. சார்பும் இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு எந்த ஆய்வாளனுக்குக் கிடைக்கும்?"

கட்டில் கட்டிலாகப் போனோம். "உனக்கு இப்போது எப்படி இருக்கிறது? இதை உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள்?" பிள்ளைகள் அழுதார்கள். சிலர் அம்மா வேண்டும் என்றார்கள். அதற்கு ஏற்கெனவே அட்டை இருந்தது. கடைசிக் கட்டிலில் பூங்குழலி. கையில் டிரிப். தலைமாட்டில் கலையரசி அக்கா, கால்மாட்டில் கொளஞ்சியப்பன். இயக்குநர் குனிந்து கேட்டார். அவள் கண்ணைத் திறக்காமலே, "கிறுக்கு வரகு" என்றாள்.

இயக்குநர் அந்த இடத்திலேயே அட்டையை நிரப்பச் சொன்னார். 'கிறுக்கு வரகு, பெயர்ச்சொல். அறுவடையில் மழை நனைந்து நஞ்சேறிய வரகு. சான்று: வாய்மொழி. முதல் பயன்பாடு: இன்று.' பெண் மைனர் என்பதால் தகப்பன் கையெழுத்து வேண்டும். அட்டையைக் கொளஞ்சியப்பனிடம் நீட்டினேன். அவர் மெதுவாகப் படித்தார்.

"மொதப் பயன்பாடு இன்னிக்கின்னு போட்டிருக்கு. நான்தான் அன்னிக்கே சொன்னேனே சார். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேனே."

"சொன்னீர்கள்" என்றார் இயக்குநர். "ஆனால் பதிவில் நீங்கள் குடித்திருந்தீர்கள்."

கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, அட்டையை என்னிடமே கொடுத்தார். இருபத்தெட்டாம் தேதி இயக்குநர் எனக்குக் கையெழுத்துப் போட்டார்.

பூங்குழலி பிழைத்துக்கொண்டாள். ஆனால் இன்னும் எழுதும்போது கை நடுங்குகிறது என்று பாப்பாத்தியம்மாள் சொன்னார். பத்தாவது பரீட்சை எழுதவில்லை.

அடுத்த ஆடியில் நாங்கள் கொளஞ்சியப்பனுக்கு ஒரு உத்தரவு அனுப்பினோம். சொல்லை மறு உறுதி செய்ய வேண்டியிருப்பதால், வரும் கார்த்திகையிலும் பயிரை நான்கு நாள் மழையில் நிற்கவிட வேண்டும் என்று. பதில் இல்லை. விசாரித்ததில் அவர் மக்காச்சோளம் போட்டுவிட்டார் என்று தெரிந்தது. எங்கள் ஆய்வு எல்லைக்குள் வரகு போட்ட கடைசி ஆள் அவர்தான். இயக்குநர் வரகின் அட்டையை எடுத்து, 'வழக்கொழிந்த சொல்' என்று எழுதி, பணி நிறைவுற்றதாக மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் பாராட்டியது. அடுத்த சொல்லை எடுத்துக்கொள்ளுமாறு ஆணை வந்தது. மக்காச்சோளம்.

ஐப்பசி முதல் வாரம் வேன் மறுபடி ரஞ்சன்குடிக்குப் போனது. பழைய பலகைக்கே புது வண்ணம் அடித்திருந்தேன். ஒன்றரை ஏக்கரிலும் மக்காச்சோளம் ஆள் உயரம் நின்றது, கதிரில் இப்போதுதான் பால் பிடிக்கத் தொடங்கியிருந்தது. வரப்போரம் நின்றிருந்த கொளஞ்சியப்பன் எங்கள் வேனைப் பார்த்தார். பலகையைத் தூக்கிக்கொண்டு நான் இறங்குவதைப் பார்த்தார். இடுப்பிலிருந்த அரிவாளை எடுத்து, முதல் வரிசையிலிருந்து பச்சைப் பயிரை வெட்டிச் சாய்க்க ஆரம்பித்தார். கலையரசி அக்கா ஓடி வந்தார், தடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரும் ஒரு அரிவாளோடு அடுத்த வரிசையில் இறங்கினார்.

இயக்குநர் வேன் சன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செந்தில், அவர்கள் என்ன செய்கிறார்கள்? இதற்கு இந்தப் பக்கத்தில் என்ன சொல்வார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்."

நான் பலகையைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தேன்.